டெங்வார் எழுத்துல பேர் எழுதுறது: பல வருஷ அனுபவம்

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதை எழுதின டோல்கீன் உருவாக்கின டெங்வார் எழுத்துல ஃப்ரெண்ட்ஸ் பேரெல்லாம் புக்மார்க், கிரீட்டிங் கார்டுன்னு பல வருஷமா எழுதிக் குடுத்துட்டிருக்கேன். கற்பனை எழுத்துகள்ல நம்ம பேருக்கு இவ்ளோ அழகா செட் ஆகுறது வேற இல்லன்னு அடிச்சு சொல்லுவேன், ஏன்னா இது ஸ்பெல்லிங்க பாக்காது, சத்தத்ததான் பாக்கும்.

முக்கியமான எழுத்து 24, நாலு வரிசை ஆறு படி. ப-வுக்கு ஒரு வளைவு, அதையே ரெண்டு வளைவாக்கினா பம்பரத்துல ரெண்டாவதா வர்ற ப. அஞ்சாவது படிக்கு வந்தா ந, ம, ஞ, ங நாலும் பக்கத்து பக்கத்துல நிக்குது, மொத தடவ பாத்தப்போ அவ்ளோ சந்தோஷம்! எழுத்து மேல ஒரு கோடு போட்டா முன்னாடி வர்ற இன மெல்லினமும் அதுலயே சேந்துரும், அதனால அம்பிகாவுக்கு ம் தனியா எழுதவே வேணாம்.

உயிர் எல்லாம் மேல ஏறுற குறிதான், அ-வுக்கு மூணு புள்ளி, இ-க்கு ஒரு புள்ளி. இங்கதான் கவனமா இருக்கணும். குவென்யா, சிந்தாரின் ரெண்டும் டோல்கீன் கதைல வர்ற எல்ஃப்களுக்காக அவர் உருவாக்கின மொழிங்க, ரெண்டுக்கும் எழுதுற முறை வேற. குவென்யா முறையில உயிர்க்குறி தனக்கு முன்னாடி வர்ற மெய் மேல உக்காரும், நம்ம உயிர்மெய் மாதிரியே, சிந்தாரின் முறையில பின்னாடி வர்ற மெய் மேல. ரவின்னு முதல் முறையில எழுதினத இன்னொருத்தர் ரெண்டாவது முறையில படிச்சா அரிவ்னு வரும். அதனால பேருக்கு கீழயே எந்த முறைன்னு சின்னதா எழுதிடுவேன். லெட்டருக்கு லெட்டர் மாத்தித் தர்ற கன்வெர்ட்டர் எதையும் நம்பி டாட்டூ போட்டுறாதீங்க ப்ளீஸ், th-ன்னு இருந்தா அத ரெண்டு எழுத்தா பிரிச்சு வைக்கிறதெல்லாம் பாத்திருக்கேன்.

குறைன்னா ழ, ள, ண மூணுக்கும் தனி எழுத்து கிடையாது. ர-வுக்கு ரெண்டு இருக்கு, மெல்லிசா ஒலிக்கிற ஓரே, அழுத்தமான ரோமென், அத ர, ற-வுக்கு பிரிச்சு வச்சுக்கிட்டேன், ஆனா யாழினி யாலினி ஆகுறது எனக்கு இன்னும் உறுத்துது. சொந்தமா ஒரு எழுத்த ஒதுக்கலாம்தான், படிக்கிறவங்களுக்கு அது தெரியணுமே. அதனால ழ வர்ற பேர்னா முன்னாடியே சொல்லிடுறேன்.

அப்புறம் இது யூனிகோட்ல இல்ல, அவங்க ஃபோன்ல அந்த ஃபான்ட் இல்லன்னா வெறும் கட்டம்தான் தெரியும், படமா அனுப்புங்க. கையால எழுதுறதா இருந்தா பட்டை நிப் பேனா வாங்கிக்கோங்க, பால்பாயிண்ட்ல அந்த தடிமன் மெல்லிசு வராது.