குன்னூரில் ஒரு டிரைவிங் ஸ்கூல்: இருபது நாள், ரெண்டு பிரேக்

குன்னூர் பெட்போர்டு பக்கம் இருக்கும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மகனைச் சேர்த்த அனுபவம் இது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஸ்கூல் பெயரைப் போடக் கூடாது என்று அவன் சொல்லிவிட்டான். போட்டால் யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று காலேஜ் பஸ்ஸில் கூட வரும் பையன்களுக்குத் தெரிந்துவிடுமாம். சரி.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக்கணக்கு எழுதுகிறேன். அவன் அப்பா திருப்பூரில். மாதம் ஒரு முறை வருவார். வீட்டு வாசலில் பழைய ஆம்னி வேன் ஒன்று ஓட்ட ஆளில்லாமல் நிற்கிறது. ஒரு ராத்திரி மாமியாருக்கு மூச்சு வாங்கியபோது ஆட்டோவுக்காக முக்கால் மணி நேரம் பனியில் நின்றோம். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இது.

மகனுக்கு ஜூனில் பதினெட்டு முடிந்தது. கேக் வேண்டாம் என்றான். "பதினேழே போதும்மா, நல்லாத்தான இருந்துச்சு?" விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மைனர் கணக்கை மாற்ற ஆதாரோடு வந்து புதிதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி பேங்கில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். போகவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐப் பதினேழு வயதிலேயே முன்கூட்டிக் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்தேன். அதன் மேல் டீ டம்ளர் வட்டம்தான் விழுந்தது. சிலிண்டர் வரவில்லை, போன் பண்ணுடா என்றால், "நீங்க பேசுங்கம்மா, பெரியவங்க பேசினாத்தான் கேப்பாங்க." ஐந்தே முக்கால் அடி உயரம். மீசை வேறு.

கட்டணம் 7,500 ரூபாய். தினம் அரை மணி நேரம், இருபது நாள், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுவதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சேர்க்கப் போன அன்று படிவத்தை என் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். பத்து வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. ஆபீஸில் இருந்த பெண், "உங்க கையெழுத்து வேண்டாம்மா. பதினெட்டு ஆயிடுச்சுல்ல, அவர்தான் போடணும்" என்றாள். அவர்! நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவனும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். ஆறாம் வகுப்பு நோட்டில் எழுதுவதுபோல முழுப் பெயரையும் குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தான். அவனுக்குக் கையெழுத்து என்று ஒன்று இல்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மாஸ்டர் முன்பு லாரி ஓட்டியவர். குரங்கு குல்லாவும் காதில் பஞ்சுமாக வருவார். முதல் இரண்டு நாள் நானும் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். மூன்றாம் நாள், "இனிமே நீங்க வர வேண்டாம்மா. நீங்க ஐயோன்னா தம்பி ரோட்டைப் பாக்காம கண்ணாடியில உங்களைப் பாக்கறாரு" என்று சொல்லிவிட்டார். கோபம் வந்தது. ஆனாலும் ஒரு மதிப்பெண் இதற்கே கொடுக்கலாம்.

மலையில் கற்றுக்கொள்வது சமவெளியில் கற்றுக்கொள்வது போல இல்லை. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி எடுப்பதற்குள் பின்னால் உருளும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஆஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி விட்ட நிலையில், வண்டி லேசாக அதிர்வது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். இந்த ஒன்றுக்கே நான்கு நாள் ஒதுக்கினார். ஏறுகிற கியரிலேயே இறங்கு, இறக்கத்தில் நியூட்ரல் போடாதே, குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவன்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அவனுக்குப் பயம் போனது வேறு காரணத்தால். "அவர் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும்மா. நான் விட்டாலும் அவர் பிடிச்சுக்குவார்." அந்த நிம்மதியில் நன்றாகவே ஓட்டியிருக்கிறான். பதினோராம் நாள் மாஸ்டர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: "ஒரு வாரமா நான் அந்தப் பெடலைத் தொடவே இல்லை தம்பி."

பையன் சந்தோஷப்பட்டிருப்பான் என்று நினைக்கிறீர்களா? வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "அதை முதல்லயே சொல்லியிருக்கணும்ல? ஏதாவது ஆகியிருந்தா என் மேலதான பழி?" மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாள் ஆறரைக்கு வண்டி எங்கள் சந்து முனையில் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை, போனும் இல்லை. நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் கழித்து ஷூ லேஸ்கூடக் கட்டாமல் இறங்கிப் போனான்.

அந்த வாரமே சிம்ஸ் பார்க்குக்கு மேலே, மூடுபனியில், ரோட்டுக்கு நடுவில் காட்டெருமை. இங்கே இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. தூரத்திலேயே நிறுத்தி, ஹெட்லைட்டை இறக்கிவிட்டுக் காத்திருந்திருக்கிறான். பின்னால் ஒரு டூரிஸ்ட் கார் ஹாரன் அடிக்க, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பொறுங்கள் என்று காட்டியிருக்கிறான். நான் சொல்லித் தரவில்லை என்றார் மாஸ்டர். அவன் இதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை.

ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன்? ஐப்பசி மழையில் இரண்டு வகுப்பு நடக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. கேட்டால் இருபதும் முடிந்துவிட்டது என்று கணக்குக் காட்டினார்கள். இலைக்கணக்கு எழுதுகிறவளிடமே! நான் பேசப் போனை எடுத்தேன். "கொடுங்க" என்று வாங்கி அவனே பேசினான். குரல் நடுங்கியது, இரண்டு முறை "சார் சார்" என்றான், ஆனால் வைக்கவில்லை. இரண்டு வகுப்பும் கிடைத்தது. வைப்பரும் சுமார்தான், மழையில் கண்ணாடியைத் துணியால் துடைக்கிறார்கள்.

சேர்கிறவர்கள் ஆறரை மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். எட்டுக்கு மேல், அதுவும் தொடர் விடுமுறை என்றால், பெட்போர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஊர்ந்துதான் போக முடியும். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தும் எனக்கொன்றும் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட். அவனுக்கு வரும் வியாழக்கிழமை, ஊட்டியில்.

அடுத்த மாதம் நானும் சேருகிறேன். நாற்பது தாண்டியதால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம். அந்தப் படிவத்தைப் போய் வாங்கி வந்தது அவன்தான். பேங்குக்கு மட்டும் இன்னும் போகவில்லை.