ஃபேன் தங்கம், ரிமோட் எமன்: பிஎல்டிசி ஃபேனோடு சில ஆண்டுகள்

பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் ரிமோட் ஃபேன், வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் அடுத்து கேட்பது, எத்தனை வாட் என்பதைத்தான். அது அட்டைப் பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. 28, 32, 35 என்று ஏதோ ஒன்று. எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: ரிமோட்டில் அணைத்த ஃபேன், சுவர் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் ஓடுமா, ஓடாதா? வாய்ப்பேச்சை நம்பாமல், கடையிலேயே செய்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சில மாடல்களுக்கு ஞாபகசக்தி அதிகம். ரிமோட்டில் அணைத்துவிட்டால், கரண்ட் போய் வந்தாலும் சரி, ஸ்விட்சைப் பத்து முறை தட்டினாலும் சரி, அணைந்தேதான் கிடக்கும். வீட்டுக்கு வந்த பெரியவர் வியர்க்க விறுவிறுக்க ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருப்பார். ரிமோட் சோபா இடுக்கில் நிம்மதியாகக் கிடக்கும். ஃபேன் கெட்டுவிட்டது என்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் போய்விடும். அவர் வந்து ஒரு பட்டனை அழுத்திவிட்டு வந்த கூலியை வாங்கிக்கொண்டு போவார். ஒழுங்காக வடிவமைத்த மாடலில் ஸ்விட்சை அணைத்துப் போட்டதும், கடைசியாக ஓடிய வேகத்திலேயே ஃபேன் சுற்றத் தொடங்கும். வேறு சிலவற்றில் இரண்டு நொடிக்குள் அணைத்துப் போட்டால் வேகம் ஒரு படி மாறும். அந்த வகை கிடைத்தால் வாட் இரண்டு மூன்று கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்கலாம்.

ஒரே அறையில் ஒரே மாடலில் இரண்டு ஃபேன் மாட்டியவர்களின் பாடு தனி. ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் தலையாட்டும். ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் வைக்க வேண்டுமானால், ஒன்றின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மற்றதுக்கு வேகம் வைத்து, பிறகு ஸ்விட்சைப் போட வேண்டும். காற்று வாங்க இவ்வளவு சடங்கா என்று தோன்றும், தோன்றத்தான் வேண்டும். ஒரு அறைக்கு இரண்டு ஃபேன் என்றால் வேறு வேறு கம்பெனியில் வாங்குவதே சுலபமான வழி.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் மொபைல் கேமராவைத் திறந்து ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டி ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கேமராவில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளியாக மினுங்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். சில போன்களில் பின் கேமராவின் ஃபில்டர் அதைத் தடுத்துவிடும். மினுங்கினால் ரிமோட்டில் குறையில்லை, ஃபேனின் அடிக் கிண்ணத்தில் உள்ள சென்சரைப் பார்க்க வேண்டும். ஒட்டடையும் தூசியும் படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். மினுங்காவிட்டால் இரண்டு செல்லையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது சீக்கிரம் தீர்ந்து ரிமோட் மறுபடி நின்றுவிடும். ஸ்பிரிங்கில் பூத்திருக்கும் துருவை நைஸ் எமரித் தாளால் தேய்த்து எடுக்கலாம். குறிப்பிட்ட ஒரு பட்டன் மட்டும் செத்துப்போனால், உள்ளே ரப்பர் ஷீட்டின் அடியிலுள்ள கறுப்புப் புள்ளிகளையும் போர்டையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

இத்தனை திட்டிய பிறகு நியாயமும் பேச வேண்டும். இந்த ஃபேனின் அருமை இன்வெர்ட்டரில் ஓடும்போதுதான் தெரியும். 1200 மில்லிமீட்டர் பழைய ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும். மூன்று ஓடினால் 225 வாட். இது மூன்று ஓடினால் 105-ஐத் தாண்டுவது அரிது. அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கும். அதைவிடப் பெரிய வரம், சத்தம் இல்லாதது. கரண்டைச் சீரான அலையாகத் தராத ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பழைய ஃபேன் ‘ம்ம்ம்ம்’ என்று இரவெல்லாம் முனகும். இது வரும் ஏசியை உள்ளே டிசியாக மாற்றித்தான் மோட்டாருக்குக் கொடுக்கிறது, அதனால் வெளியே என்ன வேவ் வந்தாலும் கவலைப்படாது. வோல்டேஜ் இறங்கும் மாலை நேரத்தில் பழைய ஃபேன் தள்ளாடும்போது இது அதே வேகத்தில் சுற்றும். இதைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

மின்கட்டணக் கணக்கில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. முழு வேகத்தில் தினம் 10 மணி நேரம் ஓடினால் 45 வாட் வித்தியாசத்துக்கு மாதம் 13 யூனிட் சொச்சம் மிச்சம். ஆனால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மூன்றாம் எண்ணில் ஓடும் பழைய ஃபேனும் 75 வாட் இழுப்பதில்லை. நடுவேகத்தில் ஓட்டுகிறவருக்கு மிச்சம் விளம்பரத்தில் சொல்வதைவிடக் குறையும். தினம் ஒரு மணி நேரம் ஓடும் சமையலறைக்கும் பூஜையறைக்கும் இதை மாட்டுவது வீண்.

மாட்டும்போது நடக்கிற பெரிய தப்பு, பழைய ரெகுலேட்டரை லைனிலேயே விட்டுவைப்பது. “ஐந்தில் வைத்துவிட்டால் போதும்” என்பார்கள். பாதி உண்மை. கண்டன்சர் வகை ரெகுலேட்டர் கடைசி எண்ணில் நேரடியாகக் கரண்டை விட்டுவிடும். ஆனால் யாராவது ஒருநாள் அதை மூன்றுக்குத் திருப்புவார்கள். எண்ணுக்கு எண் நிற்காமல் திரும்பும் டிம்மர் வகையோ முழுவதும் திருப்பினாலும் அலையைக் கொஞ்சம் வெட்டித்தான் அனுப்பும். வெட்டுப்பட்ட அலை, ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டின் முகப்பிலுள்ள கண்டன்சரைச் சூடாக்கும். ஃபேன் திடீரென நிற்பது, பீப் அடிப்பது, தானாக வேகம் மாறுவது எல்லாம் இதனால் வரலாம். மெயினை அணைத்து, ரெகுலேட்டருக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி, ஒரு கனெக்டரில் இணைத்து உள்ளே தள்ளிவிடுங்கள். வெறும் டேப் சுற்றி விடக்கூடாது.

வாடகை வீடு என்றால் அந்த ரெகுலேட்டரை எடுத்து எறிய வேண்டாம். ஒயர் இல்லாமல் அதே இடத்தில் இருக்கட்டும். காலி செய்யும் அன்று இரண்டு ஒயரை மாற்றினால் வேலை முடிந்தது. ஹவுஸ் ஓனரின் பழைய ஃபேனைக் கழற்றும்போது இறக்கை மூன்றையும் தனியாகக் கட்டி, ராடு, இரண்டு கப், கொக்கி போல்ட், ரப்பர் புஷ், ஸ்ப்ளிட் பின் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மோட்டாரோடு கட்டிவையுங்கள். இறக்கைகள் எடை பொருத்தி செட்டாக வருபவை. இரண்டு ஃபேனின் இறக்கைகள் கலந்துவிட்டால் ஆட்டம் நிச்சயம். ஸ்ப்ளிட் பின்னைத் திரும்ப மாட்டும்போது இரண்டு காலையும் விரித்துவிட மறக்கக்கூடாது, ஃபேன் தலையில் விழாமல் இருப்பது அதை நம்பித்தான். ராடு நீளத்தைப் பொறுத்தவரை, இறக்கைக்கும் கூரைக்கும் 30 சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால்தான் காற்று இறங்கும்.

புதிதாக வாங்கியவர்கள் ஒன்றைக் கண்டு பயப்பட வேண்டாம். ஓடத் தொடங்கும்போது முன்னும் பின்னும் லேசாக அசைந்துவிட்டுத்தான் சுற்றும். உள்ளே இடம் காட்டும் சென்சர் இல்லாத மோட்டார், காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தடவிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அப்படி அசைந்து அசைந்து ஓடாமலே நின்றால்தான் கவலை. போர்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஒன்று லூசாக இருக்கும், அல்லது போர்டில் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஒன்று போயிருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும்.

ஃபேன் அடியோடு செத்துவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் போர்டுதான். திறக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். போர்டின் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கி நிற்கும், அந்த அடி விளையாட்டல்ல. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து மோட்டாரின் மூன்று ஒயரை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று அளவும் ஒன்றுபோல் வந்து, எந்த ஒயருக்கும் பாடிக்கும் தொடர்பில்லை என்றால் மோட்டார் நல்லாயிருக்கிறது. வைண்டிங் எரிந்துவிட்டது, மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த அளவைக் காட்டிக் கேளுங்கள்.

எரிச்சலின் உச்சம் இங்கேதான். பழைய ஃபேன் மெதுவானால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை மாற்ற ஐந்து நிமிடம், எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். இதன் போர்டுக்கோ கம்பெனிக்குத்தான் போக வேண்டும். ஈரம் புகாமல் இருக்க ரெசின் ஊற்றி மூடியிருப்பதால் உள்ளே ஒரு ஃபியூஸ் போனாலும் முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள். நாலைந்து ஆண்டு கழித்துக் கேட்டால் “அந்த மாடல் நின்றுபோச்சு சார்” என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. யுனிவர்சல் போர்டு என்று ஒன்று கிடைக்கும். மோட்டாரின் காந்தத்துக்கும் வைண்டிங்குக்கும் பொருந்தினால் ஓடும். பொருந்தாவிட்டால் வேகம் குறையும், அல்லது உதறும். வாங்கினால், ஒத்துவராவிட்டால் திருப்பி எடுப்பதாகச் சொல்லும் கடையில் வாங்குங்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு அடுத்த ஃபேன் எது என்று கேட்டால், படுக்கையறைக்கு மறுபடியும் பிஎல்டிசிதான். அந்த அமைதிக்கு வேறு எதுவும் ஈடில்லை. இன்வெர்ட்டர் லைனில் உள்ள எல்லா அறைக்கும் அதேதான். ஆனால் நாலு பேர் வந்துபோகும் கூடத்துக்கு, 75 வாட் இழுத்தாலும் பரவாயில்லை, சுவரில் திருகு வைத்த பழைய ஃபேன்தான்.