"ஃபுல் சர்வீஸ் பண்ணித்தான் தருவோம்": குமரி மாவட்டப் பழைய கார் யார்டுகளின் டெலிவரி சர்வீஸ், ஒரு மதிப்பீடு

"ஒண்ணும் பயப்படாண்டாம் அண்ணே, ஃபுல் சர்வீஸ் பண்ணித்தான் வண்டியத் தருவோம்." நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை எந்த யார்டில் நுழைந்தாலும் காதில் விழுகிற வாக்கு இது. விலை பேசுவதில் கறாராக இருப்பவர்கள்கூட இந்த ஒரு வாக்கைக் கேட்டதும் அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். எந்தக் கடை நல்ல கடை என்ற பேச்சை விட்டுவிட்டு, வண்டியைக் கையில் தருவதற்கு முன் யார்டு செய்து தருவதாகச் சொல்லும் அந்த ஃபுல் சர்வீஸ் என்ற சரக்கையே இங்கே எடை போடலாம்.

பத்துக்கு மதிப்பெண் போடுவதென்றால், கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு எட்டு, தெரியாத வேலைக்கு மூன்று. வாட்டர் வாஷ், சீட் ஷாம்பூ, ரப்பிங் பாலிஷ், டயர் பாலிஷ் எல்லாம் சுத்தமாகவே செய்வார்கள். வண்டியை விற்றுத் தருவது அதுதான். பிரேக் ஆயிலை மாற்றினால் எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்தச் செலவு நேராக வியாபாரியின் லாபத்தில் கை வைக்கும். இதில் ஏமாற்று என்பதைவிடக் கணக்குதான் அதிகம்.

கண்ணுக்குத் தெரிகிற வேலையிலும் இரண்டு நமக்கு எதிரானவை. ஒன்று எஞ்சின் வாஷ். வால்வ் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் பூட் எங்கே கசிந்தாலும் அந்த இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்குப் பிடித்திருக்கும். கழுவிவிட்டால் கசிவின் தடயம் போய்விடும், கசிவு போகாது. அதனால் "எஞ்சினைக் கழுவ வேண்டாம், நான் பார்த்த பிறகு கழுவுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கழுவிய வண்டிதான் கிடைக்கிறது என்றால் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மெக்கானிக் கடை லிப்டில் ஏற்றி அடியில் பாருங்கள்.

இரண்டாவது, அடியில் அடிக்கிற கறுப்பு அண்டர்பாடி கோட்டிங். இந்த மாவட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் வெளியே நின்ற வண்டியை உப்புக்காற்று அடியிலிருந்து தின்னும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு என்பதால் ஈரம் காயவும் நேரம் கிடைக்காது. துரு பிடித்த தகட்டின் மேலேயே தார் கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு துரு இன்னும் வேகமாக ஓடும். புதுக் கோட்டிங் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஜாக்கி வைக்கிற விளிம்பு, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், கதவின் அடி மடிப்பு, முன் கிராஸ் மெம்பர் (அடியில் குறுக்கே போகும் சட்டம்), பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். பிரேக் பைப் துருவில் செதில் உரிந்திருந்தால் பேரமே வேண்டாம்; மாற்றித் தந்த பிறகு மேலே பேசலாம். சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. 2018 வெள்ளத்துக்கு முந்தைய கேரள வண்டி என்றால் இதைத் தவறவே விடக் கூடாது.

இனி ஆயில். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று, மூன்றரை லிட்டர் பிடிக்கும். யார்டில் அதிகம் நடப்பது, குறைந்திருக்கும் அரை லிட்டர், ஒரு லிட்டரை ஊற்றி மட்டம் சரிசெய்வது. டிப்ஸ்டிக்கில் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பது பெட்ரோலுக்கு ஓரளவு சரி. டீசலில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால் நிறம் சாட்சி ஆகாது. நம்பகமான வழி ஒன்று உண்டு. விலை பேசி முடித்த அன்றே நெயில் பாலிஷ் கொண்டுபோய் ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை இறக்க அடியில் கழற்றுகிற போல்ட்; இதில் மட்டும் போல்ட்டையும் ஒட்டியிருக்கும் தகட்டையும் சேர்த்துப் பொட்டு வைக்க வேண்டும்), ஏர் ஃபில்டரின் ஓரம், ஏசி கேபின் ஃபில்டர், ஒரு ஸ்பார்க் பிளக் ஆகியவற்றில் ஒவ்வொரு பொட்டு வையுங்கள். கடைக்காரருக்குத் தெரிந்தே வைக்கலாம், தப்பில்லை. டெலிவரி அன்று ஃபில்டரிலோ பிளக்கிலோ பொட்டு அப்படியே இருந்தால் அது மாறவில்லை. டிரெயின் போல்ட்டில் பொட்டு கலையாமல் இருந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றவே இல்லை.

ஆயிலில் இன்னொரு தந்திரம், கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை. 5டபிள்யூ-30 கேட்கிற எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் டாப்பெட் சத்தமும் (எஞ்சினின் மேலிருந்து வரும் டக்டக் சத்தம்) தேய்ந்த எஞ்சினின் புகையும் கொஞ்ச நாள் அடங்கும். அந்தக் கெட்டியான ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஏற நேரமெடுக்கும், மைலேஜும் குறையும். அதனால் பில்லில் "எஞ்சின் ஆயில்" என்று மட்டும் இருந்தால் போதாது, கிரேடும் லிட்டரும் இருக்க வேண்டும். வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள். பானட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சினில் கோல்ட் ஸ்டார்ட் சத்தத்தைக் கேட்கவே முடியாது.

டெலிவரி சர்வீஸில் அநேகமாக யாருமே தொடாதது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகுள்ள அளவுகோல் 155 டிகிரிதான். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் அந்த வித்தியாசம் பெடலில் தெரியும்: ஆயில் கொதித்து ஆவியானால் கால் பஞ்சுக்குள் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஈரம் பார்க்கும் பேனா டெஸ்டர் நல்ல வொர்க்‌ஷாப் பலவற்றில் இருக்கும். முன் சக்கரத்தின் பிரேக் பேடு 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்து வந்தால் மாற்ற வேண்டும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றாமல், உள்ளே இருக்கும் பிரேக் "ஷூ நல்லா இருக்கு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டர் கசிவும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏசியில் சிக்கல் வேறு மாதிரி. குளிர் இல்லாத வண்டிக்குக் கேஸ் அடித்துத் தந்துவிடுவார்கள், அன்றைக்கு ஜில்லென்று இருக்கும். ஆனால் கேஸ் எங்கோ கசிந்துதான் குறைந்திருக்கிறது. கடலோர வண்டியில் அது பெரும்பாலும் முன்னால் நின்று ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர். அலுமினியத் தகடு உப்பில் பொடிந்து, விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிரும். நைட்ரஜன் அடித்து லீக் பார்க்காமல் போட்ட கேஸ் அடுத்த சித்திரை வெயிலுக்குள் போய்விடும்.

எஞ்சினின் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் பற்றி யார்டில் யாரும் தானாகப் பேச மாட்டார்கள். மாருதியில் வந்த 1.3 டீசலுக்குச் செயின் என்பதால் அந்தக் கவலை குறைவு. டஸ்டரின் 1.5 டீசல், போலோவின் 1.2 டீசல் போன்றவற்றில் பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டென்ஷனர், வாட்டர் பம்போடு சேர்த்து அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுகளைக் காட்டும் ஸ்கேனர் போடும்போது எரர் இல்லை என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். முந்தின நாள் எரர் கோடுகளை (பழுதுக் குறியீடுகளை) அழித்திருந்தால் எரர் வராதுதான். ஆனால் அழித்ததும் வண்டியின் சுய பரிசோதனைகள் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும். ஸ்கேனரில் அந்தப் பரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தில் பல வரிகள் "இன்கம்ப்ளீட்" என்று நிற்கும். அன்றாடம் ஓடுகிற வண்டியில் அப்படி நிற்காது. பேட்டரி கழற்றியிருந்தாலும் இது நேரும் என்பதால், இரண்டு மூன்று நாள் ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். கிலோமீட்டரையும் கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியோடு ஒப்பிட்டுவிடலாம்.

ஓட்டிப் பார்க்க யார்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. சஸ்பென்ஷன் சத்தத்துக்குக் குண்டும் குழியுமான உள்ரோடு வேண்டும். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு தட்டுவது 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் தெளிவாகக் கேட்கும். கிளட்சுக்கு மூன்றாம் கியரில் 40-இல் ஏற்றத்தில் முழுசாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். (எஞ்சின் சுற்று) மட்டும் ஏறினால் கிளட்ச் பிளேட் போயிற்று. வீல் பேலன்ஸ், ஸ்டீயரிங் நடுக்கத்துக்கு ஆரல்வாய்மொழி தாண்டிய நான்குவழிச் சாலையில் 80. ஆனி ஆடிக் காற்றில் அங்கே எந்த வண்டியும் ஒரு பக்கம் தள்ளப்படும், அதை அலைன்மென்ட் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார் கம்பெனிகளின் சொந்தப் பழைய கார் கடைகள் இதில் மேலா என்றால், ஓரளவு மேல். மாருதியின் ட்ரூ வேல்யூ 376 இடங்களைப் பரிசோதிப்பதாக விளம்பரம் செய்கிறது. வேலை நடப்பது கம்பெனி வொர்க்‌ஷாப்பில், பழைய ஹிஸ்டரியும் கையில் இருக்கும். ஆனாலும் பரிசோதித்த பட்டியல் வேறு, மாற்றிய பொருளின் பட்டியல் வேறு. "பேடு: ஓகே" என்றால் 4 மில்லிமீட்டரும் ஓகேதான். இந்த மாதிரி வாரன்டி பெரும்பாலும் எஞ்சின், கியர்பாக்ஸோடு நின்றுவிடும். கிளட்ச், பேட்டரி, டயர், புஷ் அதில் வராது. கையெழுத்துக்கு முன் வாசியுங்கள்.

தனி யார்டில் வாங்கினாலும் வழி இருக்கிறது. செய்ய வேண்டிய வேலைகளைப் பொருள், அளவு, பிராண்டோடு விற்பனை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஃபில்டர், பிளக், பேடு எல்லாம் ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் பாக்கி வைத்து, உங்கள் மெக்கானிக் லிப்டில் பார்த்த பிறகு கொடுங்கள். இதற்கெல்லாம் ஒப்பாத கடையில் இன்னும் நேரான வழி, "சர்வீஸே வேண்டாம், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வெளியே செய்துகொள்வது. எங்கள் தேர்வு எப்போதும் இதுதான். வேலையும் தெரியும், பில்லும் நம் பெயரில் இருக்கும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் (டயரின் மேல் தடம்) எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியதைப் புது டயர் விலைக்குக் கணக்கிட வேண்டாம், ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், அலாய் வீலாக இருந்தால் லாக் நட் சாவி டிக்கியில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது சாவி "ஓனர்கிட்ட இருக்கு, வாங்கித் தாறேன்" என்றால் அது வருகிற வரைக்கும் பாக்கித் தொகையும் உங்களிடமே இருக்கட்டும்.