விறகு காய்ந்துவிட்டதா? கண், காது, தராசு, ஈரப்பதமானி: ஓர் ஒப்பீடு

காய்ந்த கட்டை என்று சொல்லி விறகுக் கடையில் எடை போட்டுத் தந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து கோடரியால் பிளந்தபோது, வெளியே சாம்பல் பூத்து வெடித்துக் கிடந்த அதே கட்டையின் நடுப்பகுதி கைக்குக் குளிர்ச்சியாக இருந்ததை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். விறகை எடைக்கு வாங்குகிறவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. மொத்த எடையில் பாதி நீராக இருக்கும் பச்சை விறகை 100 கிலோ வாங்கினால் கிடைக்கும் மரம் 50 கிலோதான். நீர் 20 சதவீதமாகக் குறைந்த விறகில் அதே 100 கிலோவுக்கு 80 கிலோ மரம் கிடைக்கும். ஆகவே காய்ந்த விறகின் விலை பச்சை விறகைப் போல ஒன்றரை மடங்கு இருந்தாலும் அது நட்டமாகாது.

ஈர விறகு ஏன் அடுப்பைக் கெடுக்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் முழுவதும் போய்விடுகிறது என்கிறார்கள். கணக்குப் போட்டால், பாதி நீருள்ள விறகில் அதற்காகச் செலவாவது மரம் தரக்கூடிய வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. நீர் வெளியேறிக்கொண்டிருக்கும் வரை கட்டை போதிய சூடு ஏறாமல் இருப்பதால், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் தீப்பிடிக்காமல் புகையாகவே போய்விடுகின்றன. அடுப்படியில் கண் எரிவதும், பாத்திரத்தின் அடியில் பிசுபிசுப்பான கரி படிவதும் அதனால்தான். ஊதுகுழலை எடுத்து ஊதிக்கொண்டே இருக்கிறவருடைய நுரையீரலுக்கும் அந்தப் புகையே போகிறது. விறகைக் காயவைப்பதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

காயவைக்கும் முறைகளில் வெயிலில் குவித்துப் போடுவதும், அடுக்கிவைத்து மேலே மட்டும் கூரை போடுவதும் நேருக்கு நேர் நிற்பவை. குவியலில் மேலே கிடப்பது விரைவில் காயும் என்பது உண்மை. ஆனால் அடியில் கிடப்பது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கரையானுக்கு இரையாகும். இரண்டு தென்னந்துண்டுகளின் மேல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்று உள்ளே நுழைந்து வெளியேறும்படி இடைவெளி விட்டு அடுக்கிய விறகு, வெயில் குறைவாகப் பட்டாலும் மொத்தமாகவும் சீராகவும் காய்கிறது. காற்றோட்டம் இல்லாத வெயிலைவிட வெயில் இல்லாத காற்றோட்டம் மேல் என்றே சொல்வேன். தார்ப்பாயால் நான்கு பக்கமும் மூடிக் கட்டுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வெளியேறும் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது மழைக்காலத்துக்கு ஒரு வாரத் தேவையைக் காக்க நல்ல வழி. அதற்கு மேல் அங்கே ஏற்றினால் தீ விபத்துக்கு இடம் கொடுப்பதாகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பிளப்பது. மரத்தில் நீர் நார் ஓடும் திசையில் எளிதாகவும் குறுக்கே மிக மெதுவாகவும் நகர்கிறது. பட்டையோ அதை ஏறக்குறைய அடைத்தே வைத்திருக்கிறது. எனவே உருண்டையாக நீளக் கிடக்கும் புளியங்கட்டை ஒரு வருடம் கிடந்தாலும் நடுவில் காயாமல் இருக்கலாம். அதையே முழ நீளத்துக்கு அறுத்து மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து தை, மாசியில் அடுக்கிவிட்டால், கத்தரி வெயிலையும் தாண்டி ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எரிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். சீமைக்கருவேலின் கதை வேறு. வெட்டிய சில நாளிலேயே அது பற்றிக்கொள்ளும் என்பதால் காயவைக்கவே தேவையில்லை என்ற பழக்கம் வந்துவிட்டது. பற்றுவது வேறு, புகையில்லாமல் எரிவது வேறு.

பக்குவம் பார்க்கும் வழிகளில் கண்ணையே பெரும்பாலோர் நம்புகிறார்கள். நுனியில் வெடிப்பு, நிறம் மங்குதல், பட்டை கழலுதல் ஆகிய மூன்றும் காய்தல் தொடங்கிவிட்டதற்கு அடையாளங்களே தவிர, முடிந்துவிட்டதற்கு அல்ல. நுனி முதலில் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் அப்படியே இருப்பதனால்தான் வெடிப்பே உண்டாகிறது. இரண்டு கட்டைகளை மோதிப் பார்த்தால் காய்ந்தது கணீரென்றும் ஈரமானது மந்தமாகவும் ஒலிக்கும். ஆனால் சவுக்கையும் முருங்கையையும் ஒரே காதால் கேட்க முடியாது, ஒரே மரத்தின் துண்டுகளுக்குள் மட்டுமே இது செல்லும். எரித்துப் பார்த்து நுனியில் நுரை தள்ளுகிறதா, சீறுகிறதா என்று கவனிப்பது பொய் சொல்லாத சோதனைதான். அதற்குள் சமையலுக்கு உலை வைத்தாகிவிட்டிருக்கும்.

இரண்டு ஊசிகளைக் குத்தி மின்தடையை அளக்கும் ஈரப்பதமானி உடனடியாக எண்ணைக் காட்டுகிறது. அந்த வசதியே அதன் ஆபத்தும் ஆகும். கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் வரும் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. கட்டையை அப்போதுதான் பிளந்து, புதிய முகத்தின் நடுவில் குத்த வேண்டும். இன்னொன்று, மானி காட்டுவது முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்ட ஈரம். மானியில் 25 என்றால் மொத்த எடையில் அது 20 சதவீதம். ஏறத்தாழ 30க்கு மேல் போனால் மானியின் எண்களை நம்ப முடியாது. மிகப் பச்சையான விறகில் அதற்கு வேலை இல்லை.

வீட்டுக்கும் சிறிய சமையற்கூடத்துக்கும் நான் தேர்ந்தெடுப்பது தராசையே. அடுக்கின் நடுவிலிருந்து மூன்று பிளவுகளை எடுத்து, சுண்ணாம்பால் எண்ணிட்டு, எடையை எழுதிவைத்து, பழைய இடத்திலேயே செருகி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் போதும். பாதி நீருடன் 10 கிலோ இருந்த கட்டை 6 கிலோ 250 கிராமுக்கு வரும்போது நீர் 20 சதவீதமாகியிருக்கும். தொடக்கத்தில் எவ்வளவு நீர் இருந்தது என்று தெரியாவிட்டாலும் பாதகமில்லை: வறண்ட காலத்தில் தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால், காற்று எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரம் முழுவதும் போய்விட்டது என்று பொருள். மானியைப் போல மரத்துக்கு மரம் இது மாறுவதும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் அதே கட்டைகளின் எடை சிறிது ஏறும்; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மழை நேரே படாதவரை, காற்றின் ஈரத்தால் கூடுவது சில சதவீதம்தான், அடுப்பருகே ஓர் இரவு வைத்தால் மேற்புறத்தில் ஏறிய அந்த ஈரம் இறங்கிவிடும்.