உஸ்மானியா பொது மருத்துவமனை: இடிப்பதா, பூட்டுவதா, புழங்குவதா?

ஐதராபாத்தில் மூசி ஆற்றங்கரையில் நிற்கும் உஸ்மானியா பொது மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் 2020 ஜூலை முதல் நோயாளிகள் இல்லை. அந்த மாதம் பெய்த கனமழையில் தரைத்தள வார்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. படுத்திருந்தவர்களை வேறு கட்டடங்களுக்கு மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் வின்சென்ட் எஷ் வடிவமைத்த, நூறாண்டைத் தொட்ட மாளிகை அது. இனி அதை என்ன செய்வது என்பதில் மூன்று கட்சிகள் இருக்கின்றன: இடித்துவிடலாம், செப்பனிட்டு நினைவுச்சின்னமாகக் காக்கலாம், செப்பனிட்டுத் தினசரிப் புழக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

நான் மூன்றாவது கட்சி. காரணம், இதே கேள்வியைச் சிறிய அளவில் நானே எதிர்கொண்டிருக்கிறேன். நான் உறுப்பினராக உள்ள அறக்கட்டளைக்குச் சொந்தமான பழைய மருத்துவமனை ஒன்று பதினொரு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. அதை என்ன செய்வது என்று வாக்கெடுப்பு நடந்தபோது புழக்கத்துக்கே கை தூக்கினேன். உஸ்மானியாவின் ஒரு மூலைக்குக்கூட ஈடாகாத கட்டடம்தான். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கு வரும் நோய் பெரிதானாலும் சிறிதானாலும் ஒன்றே.

இடிக்கும் யோசனையை 2015இல் அன்றைய தெலங்கானா அரசு முன்வைத்தது. கட்டடம் பழுதுபார்க்கக் கூடியதுதான் என்று, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு ஆய்வு செய்து சொன்னது, எதிர்ப்பு எழுந்தது, வழக்குகளும் நடந்தன. இடிக்கச் சொன்னவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இடமில்லாமல் நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடக்கும்போது குவிமாடத்தின் அழகைப் பேசுவது யாருக்கும் கசக்கத்தான் செய்யும். ஆனால் 2025 ஜனவரி 31 அன்று கோஷாமஹாலில் 2,000 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். இடம் வேண்டும் என்ற வாதம் அங்கே போய்விட்டது. இடிப்பதற்கு இனி வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நினைவுச்சின்னம் என்ற யோசனைதான் கேட்க இனிமையானது. பார்சிலோனாவின் சான்ட் பாவ் மருத்துவமனையை உதாரணம் காட்டுவார்கள். 1902இல் தொடங்கி 1930இல் முடிந்த அந்த வளாகத்திலிருந்து 2009இல் மருத்துவமனை பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழையதைச் செப்பனிட்டு 2014இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். அழகான முடிவுதான். ஆனால் அதைத் தாங்க உலகச் சுற்றுலாக் கூட்டம் அந்த ஊருக்கு வருகிறது. நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் 1856இல் திறந்த பெரியம்மை மருத்துவமனையின் கதை வேறு. 1950களில் கைவிடப்பட்டு, 1976இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு அறிவிப்பாகவே இருக்க, 2007 டிசம்பரில் அதன் வடக்குப் பகுதியில் ஒரு பாகம் இடிந்து விழுந்தது.

என் கவலை முழுவதும் ஒரே விஷயத்தில்தான்: பராமரிப்பு, அதிலும் கூரைத் தண்ணீர்.

சுண்ணாம்புக் காரைக் கட்டடம் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். இந்த வாங்கலும் விடலும் நடக்கும்வரை அதற்கு ஆயுள் உண்டு. மழைநீர்க் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், வெளியேறும் ஈரத்தைவிட உள்ளே இறங்கும் ஈரம் அதிகமாகிறது. சுவரில் உப்புப் பூக்கிறது, காரை உப்பிக்கொண்டு உதிர்கிறது, உத்தரத்தில் இரும்பு இருந்தால் துருப்பிடித்துப் பருத்து மேலிருக்கும் கல்லையே பிளக்கிறது. விரிசலை அடைக்கிறோம் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுப்போகும். அந்தத் தவற்றை நாங்களும் செய்தோம். பூசிய இரண்டாம் ஆண்டில் சிமெண்ட் பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த செங்கல் விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது.

எங்கள் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று இருந்தது. பூட்டிக் கிடந்த காலத்தில் ஆண்டுக்கொரு முறை ஆள் வைத்து வெட்டினோம். சீரமைக்க வந்த கொத்தனார் சுவரைப் பிரித்துக் காட்டியபோது உள்ளே மணிக்கட்டுக் கனத்தில் வேர் இரண்டு முழத்துக்கு ஓடியிருந்தது. காவலாளிக்குச் சம்பளம் கொடுத்தோம். அவர் வாசலைக் காத்தார். கூரையைக் காக்க யாரும் இல்லை.

இப்போது அதே கட்டடத்தில் புறநோயாளிப் பிரிவு இயங்குகிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மருந்து அலமாரிக்கு மேலே தட்டளவு ஈர வட்டத்தை மருந்தாளுநர் பார்த்துவிட்டார். மாலைக்குள் ஆள் மேலேறி, குழாய் வாயில் அடைத்திருந்த புறாக்கூட்டை எடுத்துவிட்டார். செலவு ஒரு நாள் கூலி. பூட்டிக் கிடந்திருந்தால் அந்த வட்டத்தை ஆறு மாதம் கழித்துப் பார்த்திருப்போம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். உஸ்மானியா கட்டடம் 2020 வரை புழக்கத்தில்தானே இருந்தது, பிறகு ஏன் நலிந்தது? எல்லாப் புழக்கமும் ஒன்றல்ல என்பதே என் பதில். படுக்கை வார்டு என்றால் கழிப்பறை, குளியலறை, சலவை, இரவு பகல் தண்ணீர். அதற்கெல்லாம் பழைய சுவரைக் குடைந்து குழாய் பதிக்க வேண்டும். பாதிக் கசிவு வானத்திலிருந்து வருவதில்லை, அந்தக் குழாய்களிலிருந்து வருகிறது. ஆகவே தண்ணீர் அதிகம் தேவைப்படாத புழக்கம் வேண்டும்: மருத்துவர் ஆலோசனை அறைகள், வகுப்பறைகள், நூலகம், ஆவணக் காப்பகம். நாங்கள் கழிப்பறைகளை அடியோடு வெளியே மாற்றியதுதான் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது.

பொருத்தமான உதாரணங்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம். மூசியின் எதிர்க்கரையில் எஷ்ஷின் கைவண்ணம் பட்ட உயர் நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. ஏறக்குறைய அதே வயது, இன்றும் வழக்கு நடக்கிறது. சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. கூரையில்லாமல் நின்ற அதைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவையிலேயே மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே குடியேறியது. ஆளும் கோப்பும் நடமாடும் இடம், தண்ணீர்ப் புழக்கம் குறைவு.

அளந்து சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடம் திறந்தபின் மூன்று மழைக்காலங்களைத்தான் கண்டிருக்கிறது. பத்து ஆண்டு கழித்தும் இதே உறுதியோடு பேசுவேனா என்று வாக்களிக்க முடியாது. நாங்கள் ஆற்றங்கரையிலும் இல்லை. 1908 செப்டம்பர் வெள்ளத்தில், உஸ்மானியா நிற்கும் அதே அப்சல்கஞ்ச் பகுதியில் இருந்த முந்தைய மருத்துவமனையை மூசி சிதைத்தது. அந்த வளாகத்துப் புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் உயிர் தப்பினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தரைத்தளத்துக்குள் வெள்ளம் வராமல் தடுப்பது கூரைப் பராமரிப்பைவிடப் பெரிய வேலை. வளாகத்தின் வடிகாலைச் சீர்செய்யாமல் உள்ளே நாற்காலி போடுவதில் பயனில்லை.

வடிகால் முடிந்ததும் உஸ்மானியா மருத்துவக் கல்லூரியின் வகுப்புகளையும் நூலகத்தையும் மேல்தளத்தில் வைக்கலாம், கீழே ஒரு பகுதியைப் பார்வையாளர்களுக்குத் திறக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் நான்கு பேரை நிரந்தரச் சம்பளத்தில் அமர்த்தி, அவர்களுக்கும் அந்தக் கட்டடத்திலேயே ஓர் அறை ஒதுக்க வேண்டும். கூரைக்கு ஏறும் படிக்கட்டின் சாவி அவர்களிடம் இருக்கட்டும்.