மாலத்தீவு வேலைக்குப் போகும் பையன்களுக்கு வேலூரில் ஒரு நல்ல வகுப்பு

என் அக்கா பையன் கேட்டரிங் படித்தவன். மாலத்தீவு ரிசார்ட் ஒன்றில் ஸ்டூவர்ட் வேலை கிடைத்தது. வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம், மாடியில் இருக்கும் ஒரு சின்ன டிராவல்ஸில் டிக்கெட் போட்டோம். அங்கே வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஞாயிறு காலையில் ஒரு வகுப்பு எடுக்கிறார்கள். கட்டணம் 500 ரூபாய், டிக்கெட் வேறு இடத்தில் போட்டவர்களும் வரலாம். வீட்டிலிருந்து ஒருவரையாவது கூட்டி வரச் சொல்கிறார்கள், அதனால் நானும் உட்கார்ந்தேன். டிக்கெட் விலை எல்லா இடத்திலும் இருப்பதுதான். நான் எழுத வந்தது அந்த வகுப்பைப் பற்றி.

பாடம் எடுப்பவர் மாலே பக்கத்து ரிசார்ட்டுகளில் கிச்சனில் வேலை செய்து ஊர் திரும்பியவர். சம்பளம், சாப்பாடு எல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டார். பாதி நேரம் பேசியது கஞ்சாவைப் பற்றி. பெற்றவர்கள் முன்னால் இதை வெளிப்படையாகப் பேச எத்தனை பேருக்கு மனசு வரும்?

குடியாத்தத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், டூரிஸ்ட் தீவுதானே, ரிசார்ட்ல சரக்கு கொடுக்கிறாங்களே, இதுக்கு மட்டும் என்ன?" அவர் பொறுமையாகச் சொன்னார். ரிசார்ட்டில் மது விற்பது அரசு அனுமதியோடு, அதுவும் விருந்தாளிகளுக்கு. நாம் ஊரிலிருந்து ஒரு பாட்டில் கொண்டு போனாலும் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கஞ்சாவுக்கு அப்படி எந்த விலக்கும் கிடையாது. 2011-ல் வந்த போதைப்பொருள் சட்டம் விருந்தாளிக்கும் வேலைக்காரனுக்கும் ஒன்றுதான். கடத்தல் என்று வழக்கு வந்தால் ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். போதை வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றமும் வைத்திருக்கிறார்கள்.

தாய்லாந்தில் 2022-ல் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கோ சாமூய், புக்கெட் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கடலும் தென்னையும் இருக்கிற தீவெல்லாம் அப்படித்தான் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேயே 2025-ல் மருந்துச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள் என்பதையும் சார் சொன்னார்.

நம் ஊர்க் கணக்கையும் விளக்கினார். இங்கே 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது பத்து ஆண்டு. பூ, காய் உள்ள நுனிதான் கஞ்சா என்று நம் சட்டம் சொல்கிறது. தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. "கொஞ்சம்தானே, இலைதானே என்ற பேச்செல்லாம் பெங்களூரு ஏர்போர்ட்டோடு சரி" என்றார். கஞ்சாச் செடி வகையான ஹெம்ப்பின் விதை எண்ணெய், விதைப் பொடி என்று இங்கே ஆன்லைனில் கடை போட்டு விற்பதையும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் எல்லோருடைய பெட்டியையும் திறக்கச் சொன்னார். அக்கா கட்டிக் கொடுத்த கறிவேப்பிலைப் பொடி, பெயர் எதுவும் இல்லாத கவரில், ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்து, "இது என்னன்னு ஸ்கேன் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கடையில் விற்கும் லேபிள் ஒட்டிய பாக்கெட்டே கொண்டு போகச் சொன்னார். அடியில் இன்னொரு பொட்டலம் இருந்தது. மாலத்தீவில் வேலை செய்யும் எங்கள் தெருப் பையனுக்கு அவன் வீட்டில் கொடுத்தனுப்பிய முறுக்கு. சார் அதைப் பிரித்து ஒவ்வொரு கவராகப் பார்த்தார். முறுக்குதான். ஆனாலும் பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்று அக்கா பையனைச் சொல்ல வைத்தார். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசோடு ஒரு பை வாங்கிப் போய் மாட்டிக்கொண்டால், வேற்று நாட்டில் அந்தப் பிள்ளைக்கு யார் போய் நிற்பது?

சிகரெட் விஷயமும் பல பேருக்குப் புதிது. 2024 முதல் மாலத்தீவுக்கு வேப் (மின் சிகரெட்) கொண்டு போகவே கூடாது. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் அங்கே புகையிலையே தொடக்கூடாது, 2025 நவம்பரிலிருந்து.

குறை என்றால், எல்லாமே வாய்ப்பேச்சு. ஒரு பக்கத் தமிழ்த் தாள் கொடுத்தால் வீட்டில் வைத்துப் படிக்கலாம். தூக்க மாத்திரை, கோடீன் (போதை தரும் மருந்து) கலந்த இருமல் மருந்து பற்றி ஒரு வரியில் தாண்டிவிட்டார். டாக்டர் சீட்டு கையில் வேண்டும் என்பதை இன்னும் அழுத்தியிருக்க வேண்டும். நாங்கள் முதலில் போன ஏஜென்சியில் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, வாங்கிய பணம் மட்டும் இதைவிடப் பல மடங்கு.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். மாடிப்படி செங்குத்து, வயதானவர்கள் பார்த்து ஏறவும். பெட்டியைக் கட்டி முடித்த பிறகு போங்கள், அப்போதுதான் அவர் திறந்து பார்ப்பார்.