கெப்புக்கு எந்த ஷொக்? பஞ்சிகாவத்தைக்குப் போகும் முன்

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அம்மா ஒரு தலையணையைக் கையோடு கொண்டுவருவார். இடுப்புக்கு முட்டுக்கொடுக்க. சிலாபம் தாண்டியதும் கதவுக்கு மேலுள்ள கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். பின்சீட்டில் அவர் அப்படி இருப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று ஓட்டுவது எனக்குத்தான் வலித்தது.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ டபிள் கெப், பின்னால் சாமான் பெட்டியுள்ள பிக்கப். கிழமை நாட்களில் புறக்கோட்டையிலிருந்து கடைச் சாமான் ஏற்றுவேன். மற்ற நேரமெல்லாம் பின்பெட்டி வெறும் பெட்டிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இருப்பதைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டவேண்டும் என்று விளங்கிவிட்டது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள். ஆனால் புது கெப்பின் விலையைக் கேட்டபிறகு பழையதைச் சீராக்குவதே புத்தி என்று முடிவெடுத்தேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். ஷொக், அதாவது ஷொக் எப்சோபர், வாகனத்தின் பாரத்தைத் தாங்குவதில்லை. தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்ப ஆடாமல் அதை அடக்குவதுதான் ஷொக்கின் வேலை: உள்ளே பிஸ்டன் ஒயிலுக்குள் ஏறி இறங்கும், ஒயில் சின்னத் துளைகளால் நெருக்கிப் பாயும், ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிப்போகும். கெப்பின் பின்பக்கம் கிட்டத்தட்ட ஒரு தொன் சுமக்கச் செய்த பட்டை ஸ்பிரிங். வெறும் பெட்டியோடு போனால் அது அமுங்கவே மாட்டேன் என்று நிற்கும். எந்த விலையில் ஷொக் போட்டாலும் இந்தக் கெப் காராக மாறாது. அதைத் தெரிந்துகொண்டு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குப் போனால் பாதிக் காசு மிச்சம்.

அதற்கும் முன்னால் டயர் காற்று. சாமான் ஏற்றும் நாளுக்காக அடித்த 42 பிஎஸ்ஐ காற்றை அப்படியே வைத்துக்கொண்டு மாதக்கணக்காக ஓடியிருக்கிறேன். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெறும் வாகனத்துக்கு ஓர் அளவு, பாரம் ஏற்றினால் வேறு அளவு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிய அன்றே நாரஹேன்பிட்டி ரயில் கடவையில் வித்தியாசம் தெரிந்தது. ஒரு சதம் செலவில்லை. பட்டை ஸ்பிரிங்கைப் பூட்டும் இடங்களிலுள்ள இறப்பர் புஷ்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புஷ் வெடித்திருந்தால் புது ஷொக்கும் டக் டக் என்றுதான் சத்தம் போடும்.

இனித் தெரிவுகள்.

அடிமட்டத்தில், வெட்டி ஒயில் மாற்றி ஒட்டித் தரும் ஷொக். நானும் ஒருமுறை அவசரத்துக்குப் போட்டேன். ஆறாவது கிழமை பின் இடது ஷொக்கின் உடம்பு முழுக்க ஒயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் களியாகியிருந்தது. கழற்றிக் கராஜ் தரையில் நிமிர்த்தி வைத்துக் கையால் அழுத்தினேன். தடையே இல்லாமல் இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. பிஸ்டன் கம்பியின் மினுக்குப் பூச்சில் ஊசிமுனை அளவு துருப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுக்கும். கடற்காற்றடிக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் நிறுத்தும் வாகனங்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். இந்தத் தெரிவைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த ஷொக்கும் எனக்குச் சரிவராது: பம்பர், கதவு என்றால் பாவித்தது வாங்கலாம், தேயத் தேய வேலை குறையும் பொருளை எப்படி வாங்குவது?

அடுத்தது, கம்பனி போட்டுத் தந்த மாதிரியே புதிது. கேவைபி எக்செல்-ஜி போன்றவை இந்த ரகம். குழாய்க்குள் குழாய் இருப்பதால் ட்வின் டியூப் என்கிறோம். வெளிக்குழாயில் கொஞ்சம் ஒயிலும் குறைந்த அழுத்தத்தில் நைதரசனும் இருக்கும். உங்கள் கெப் புதிதில் ஓடிய ஓட்டம் பிடித்திருந்ததென்றால் வேறெதுவும் தேட வேண்டாம், இதையே போடுங்கள். ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடிய ஷொக்கைக் கழற்றிப் புதிதைப் போட்டாலே, "இவ்வளவு நாள் எப்படி ஓடினோம்" என்று தோன்றும். தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் நமக்குத் தெரிவதில்லை.

இரண்டு பேருக்குள் உண்மையான போட்டி அதற்கு மேல்தான் தொடங்குகிறது. ஒரு பக்கம் மொனோ டியூப், மறுபக்கம் பெருத்த உடம்புள்ள ஃபோம் செல்.

மொனோ டியூப்பில் ஒரே குழாய். ஒயிலுக்கும் நைதரசனுக்கும் நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டன். வாயுவின் அழுத்தம் ட்வின் டியூப்பைவிடப் பல மடங்கு. அதனால் ஒயில் நுரைக்காது, சூடு நேரே வெளிச்சுவருக்குப் போய் ஆறும். ஜேர்மனியின் பில்ஸ்டைன் 1957இல் மேர்சிடிஸ் பென்ஸுக்காக இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அவர்களுடைய 5100 வரிசையில் பிஸ்டன் 46 மில்லிமீற்றர். 35 மில்லிமீற்றர் பிஸ்டனோடு ஒப்பிட்டால் பரப்பளவு ஏறக்குறைய 1.7 மடங்கு. கேவைபியின் காஸ்-ஏ-ஜஸ்ட்டும் மொனோ டியூப்தான்.

ஃபோம் செல் ட்வின் டியூப்பின் உறவுக்காரன். அயன்மான், டஃப் டோக் என்ற இரண்டு அவுஸ்திரேலியப் பெயர்களில் வரும். வெளிக்குழாயில் வாயுவுக்குப் பதிலாக, அடைத்த குமிழிகளுள்ள ஒரு ஃபோம் உறை. கம்பி உள்ளே இறங்கும்போது ஃபோம் அமுங்கி இடம் கொடுக்கும். கலக்க வாயு இல்லாததால் ஒயில் நுரைப்பது குறைவு. உடம்பு பெரிது, ஒயிலும் அதிகம். நெடுநாள் பழகிய பெயரான ஓல்ட் மேன் எமுவின் நைட்ரோசார்ஜரும் ட்வின் டியூப்தான், ஆனால் நைதரசன் உள்ளது.

வத்தளையில் இருக்கும் நண்பரின் வீகோவில் மொனோ டியூப், என்னுடையதில் ஃபோம் செல். ஒரு ஞாயிறு காலை இரண்டிலும் ஒரே அளவு காற்று வைத்து, வெறும் பெட்டியோடு ஒரே பாதையில் மாறி மாறி ஓட்டினோம். பேஸ்லைன் வீதியில் மெதுவாகப் போகையில், தோண்டி மூடிய ஒட்டுகளிலும் மேன்ஹோல் மூடிகளிலும் அவருடைய கெப் ஒவ்வொன்றையும் சீட்டுக்குச் சொல்லியது. கூர்மையான சின்னச் சின்னக் குத்து. என்னுடையதில் அந்த விளிம்புகள் மழுங்கியிருந்தன. தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி மணிக்கு 100இல் போனபோது கணக்கு மாறியது: பாலத்து இணைப்பைத் தாண்டினால் அவருடையது ஒருமுறை அசைந்து அப்படியே அமர்ந்தது. பாதை மாறும்போது கெப்பின் உடம்பு ஒரு பக்கம் சாயவில்லை. என்னுடையது இன்னொருமுறை மெல்ல மிதந்தபிறகுதான் அடங்கியது. உள்ளதைச் சொல்லவேண்டும், அந்த இடத்தில் எனக்கு அவருடைய ஸ்டியரிங்தான் பிடித்தது.

காரணம் ஒயில் பாயும் துளைகளின் வால்வில் இருக்கிறது. நண்பர் போட்ட வகை மொனோ டியூப்பில் பிஸ்டன் மெதுவாக அசையும்போதே எதிர்ப்பு சட்டென்று ஏறிவிடும். வேகமாக அசைந்தால் எதிர்ப்பு அதற்குமேல் அவ்வளவாகக் கூடாது. உடம்பு சரிவதும் மிதப்பதும் மெதுவான அசைவு, ஆகவே நன்றாக அடங்கும். சின்ன ஒட்டுகளில் அதே இறுக்கம் முதுகுக்கு வரும். மொனோ டியூப்பின் பெரிய பெருமை சூடு ஆறுவது. அலை அலையான கிறவல் பாதையில் மணிக்கணக்காக ஓடுகிறவனுக்கு அது உயிர் மாதிரி. கொழும்பு நெரிசலில் 20இல் ஊர்ந்து யாழ்ப்பாணத்துக்குத் தார் வீதியில் போகும் நமக்கு அந்த வரம் பயன்படாமலே கிடக்கும். இன்னொன்று: மொனோ டியூப்பின் சுவரில்தான் பிஸ்டன் ஓடுகிறது. கல் பட்டு உள்வாங்கினால் பிஸ்டன் இறுகிவிடும். ட்வின் டியூப்பில் வெளிச்சுவர் கொஞ்சம் நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை நடக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: பாதி நாள் வெறும் பெட்டி, பின்சீட்டில் வயதானவர்கள், பெரும்பாலும் நகர ஓட்டம் என்றால் ஃபோம் செல், அல்லது நல்ல ட்வின் டியூப். கிழமைக்கு மூன்று முறை அதிவேகப் பாதையில் காலி, மாத்தறை என்று ஓடுகிறவர் மொனோ டியூப் எடுக்கட்டும். வருத்தப்படமாட்டார்.

ராஞ்சோ 9000 மாதிரி, திருகியைத் திருப்பி ஒன்பது நிலையில் இறுக்கம் மாற்றக்கூடியதும் உண்டு. காலையில் பாரம், மாலையில் வெறுமை என்ற என் மாதிரி ஆட்களுக்குக் காகிதத்தில் இதுதான் பொருத்தம். ஆனால் ஒவ்வொரு முறையும் குனிந்து, சேறு படிந்த திருகியைத் தேடித் திருப்பவேண்டும். யார் செய்வார்கள்? ஒருமுறை வைத்த இலக்கத்திலேயே வருடம் ஓடிவிடும்.

பஞ்சிகாவத்தையில் நான் வாங்கிய கடை நானா விலை சொல்வதற்கு முன் கேட்ட கேள்வி இது: "தம்பி, எவ்வளவு பாரம் ஏத்துவீங்க? எத்தனை நாளைக்கு?" இதைக் கேட்காத கடையில் வாங்காதீர்கள். பாரம் கேட்காமல் ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்த்த செட் தலையில் கட்டினால், எப்போதும் சில நூறு கிலோ சுமக்கிறவனுக்கான ஸ்பிரிங் உங்களிடம் வந்துவிடும். பிறகு எந்த ஷொக்காலும் அதை மென்மையாக்க முடியாது. பட்டையில் ஒன்றைக் கழற்றினால் மெத்தென்று ஓடும் என்று சில கராஜ்களில் சொல்வார்கள். சாமான் ஏற்றுகிற வாகனத்தில் அதைச் செய்யவே கூடாது.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ட்வின் டியூப்பையும் ஃபோம் செல்லையும் நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்து, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றியபிறகே பூட்டவேண்டும். முதல் இரண்டு இழுப்பில் கை வெறுமையாய் நழுவும், பிறகு தேன் மாதிரிப் பிடிக்கும். முன் ஷொக்கைச் சுருள் ஸ்பிரிங்கிலிருந்து கழற்ற ஸ்பிரிங் அமுக்கி வேண்டும். அது இல்லாமல் நட்டைத் திறக்கப்போகிற கராஜிலிருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், ஆளைக் கொல்லும் விசை அதற்குள் இருக்கிறது. புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது ஜாக்கியில் அல்ல, வாகனம் நாலு டயரிலும் நிற்கும்போது. தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். என் முன்பக்கத்தை முதல்முறை இப்படித்தான் தொங்கவிட்டு இறுக்கினார்கள். நான் கேட்டபிறகு தளர்த்தி, இறக்கி, திரும்ப இறுக்கினார்கள். அன்றைக்கே வீல் எலைன்மென்டும் பார்த்துவிட்டேன்.

போன மாதம் யாழ்ப்பாணம் போனோம். தலையணை வந்தது. மதவாச்சிக்குக் கிட்ட அம்மா அதைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.